லயத்து வீட்டில் பாட்டும் கிட்டாரும் ரெக்கோட் பண்ண என்ன வாங்கலாம்? கையில் 60,000 ரூபாய்

கொட்டகலைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். நான் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவேன். இதுவரை எடுத்ததெல்லாம் போனில்தான். சொந்தமாக எழுதிய பாட்டுகள் கொஞ்சம் சேர்ந்துவிட்டன. அவற்றை ஒழுங்காக ரெக்கோட் பண்ணி யூடியூபில் போட ஆசை. 60,000 ரூபாய் வைத்திருக்கிறேன். லெப்டொப் உண்டு, விண்டோஸ், 8 ஜிபி ரெம்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். லயத்து வீடு, தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்று. முன்னால் இஸ்தோப்பு, உள்ளே ஒரு காம்பரா, பின்னால் குசினி. மேலே தகரம். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர், அந்தப் பக்கம் கைக்குழந்தை இருக்கிறது. கிட்டாரில் வயர் மாட்டுகிற பிக்கப் கிடையாது, சாதாரணக் கிட்டார்.

கடைகளில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஸ்டூடியோக்களில் வைக்கிற கண்டென்சர் மைக் இருந்தால்தான் அந்த மாதிரி வரும் என்கிறார் ஒருவர். யூஎஸ்பி மைக் ஒன்று போதும், மற்றதெல்லாம் வீண் செலவு என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

பேராதனைப்பக்கம்:
தங்கச்சி, யோசிக்காமல் ஓடியோ-டெக்னிக்கா ஏடி2020 கண்டென்சர் மைக் எடுங்கள். வெளிநாட்டில் 100 டொலர் அளவில் விற்கும் மைக், அந்த விலைக்கு அதை அடிக்க ஆள் இல்லை. அதோடு மைக்கை லெப்டொப்போடு இணைக்கிற இன்டர்ஃபேஸ் ஒன்று, ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ. நான் வைத்திருப்பதும் இதே ஜோடிதான். இரண்டும் புதிதாக வாங்க உங்கள் காசு காணாது. இக்மன் இணையதளத்தில் பழையது வந்தால் பிடிக்கலாம்.

மஸ்கெலியா மழை:
பேராதனை அண்ணன் கொங்கிரீட் தட்டுக்குக் கீழே இருந்துகொண்டு பேசுகிறார் 😀

பேராதனைப்பக்கம்:
சரிதான், மேலே தட்டுத்தான். ஆனால் மழை இல்லாத நேரம் பார்த்து எடுக்கலாமே தம்பி?

மஸ்கெலியா மழை:
மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் இந்தப் பக்கம் அந்த நேரத்தை எங்கே போய்த் தேடுவது அண்ணே?

பண்டாரவளை வாணி:
எங்கள் பக்கம் அப்படியே மாறி நடக்கும். தென்மேல் பருவக்காற்று உங்கள் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு ஊவாவுக்கு வெறும் காற்றாகத்தான் வருகிறது. ஜூலையில் இங்கே மழை பெரிய பிரச்சினை இல்லை, காற்றில் தகரம் படபடப்பதுதான் பிரச்சினை. எங்களுக்கு மழை டிசம்பர் பக்கம், வடகீழ்ப் பருவத்தில். அப்போது உங்கள் பக்கம் ஓரளவு காய்ந்திருக்கும். கொட்டகலையில் இருப்பவர் ஜனவரி, பெப்ரவரியில் எடுக்கிற மாதிரி திட்டம் போடுவது நல்லது. மற்ற மாதங்களில் பாட்டு எழுதலாம், பழகலாம்.

சவுண்ட்செட் ஹட்டன்:
தங்கச்சி, நான் கல்யாணம், கோயில் திருவிழாவுக்கெல்லாம் சவுண்ட் போடுகிறவன். வீட்டிலும் சின்னதாக ரெக்கோடிங் செய்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். "கண்டென்சர் எல்லாச் சத்தத்தையும் இழுக்கும், டைனமிக், அதாவது மேடையில் பாடுகிற மைக், இழுக்காது" என்று எல்லோரும் சொல்வது பாதிதான் சரி. இரண்டு மைக்கையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, குரலின் லெவலை இரண்டிலும் ஒன்றாக்கிப் பாருங்கள். அறைச் சத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருக்கும். வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், டைனமிக்கை நாம் வாய்க்குக் கிட்ட வைத்துப் பாடுகிறோம், கண்டென்சரை ஒரு அடி தள்ளி வைக்கிறோம். தூரம் பாதியானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் கூடும். சுவரில் பட்டு வரும் சத்தம் அப்படியேதான் இருக்கும். அதனால் ஜெயிப்பது தூரம். மைக்கின் சாதி இல்லை. ஆனால் கிட்ட வைத்துப் பாடத் தோதாகக் கட்டப்பட்டது டைனமிக். மேலே வலை, உள்ளே ஒரு பஞ்சு, கையில் பிடித்தாலும் தாங்கும், ஈரத்தையும் தாங்கும். அதற்காகத்தான் லயத்து வீட்டுக்கு டைனமிக் என்று சொல்கிறேன்.

இரண்டாவது தகரம். நமக்குத் தொல்லை மேலேயிருந்து வருகிறது. ஷூர் எஸ்எம்58, பெரிங்கர் எக்ஸ்எம்8500 மாதிரி மைக்குகள் முன்னால் வருவதை எடுத்து, நேர் பின்னால் வருவதைத் தள்ளிவிடும். மேடைப் பழக்கத்தில் மைக்கைக் கீழே பிடித்து வாயை நோக்கி மேலே தூக்குகிறோம். வீட்டில் அப்படிச் செய்தால் மைக்கின் முகம் நேரே கூரையைப் பார்க்கும். அதைத் தலைகீழாக்குங்கள். வளைகிற கையுள்ள ஸ்டாண்ட் ஒன்று வாங்கி, மைக்கை நெற்றி உயரத்தில் வைத்து வாயை நோக்கிக் கீழே சரியுங்கள். இப்போது மைக்கின் முதுகு கூரையைப் பார்க்கும், தூறல் சத்தம் காதுக்கே தெரிகிற மாதிரி குறையும். அடைமழையை இதனால் தடுக்க முடியாது, அந்த நேரத்தில் பிளேன்டீ குடிக்கலாம். மைக் இப்போது கீழே பார்ப்பதால் தரையில் கட்டாயம் ஒரு பாய், அதன்மேல் கம்பளி. சிமெந்துத் தரை சும்மா கிடக்கக் கூடாது.

மூன்றாவது நேரம். இதற்குக் காசே வேண்டாம். காலையில் பெரட்டு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுப்பது, முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு லயம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையும் அந்த நேரம் பிள்ளை பார்க்கிற பிள்ளை மடுவத்தில் இருக்கும். ஆனால் வெயில் ஏறினால் தகரம் சூடாகி விரிந்து டக் டக் என்று சொடுக்கும், அது மைக்கில் நன்றாகவே விழும். மூட்டமான, மழை இல்லாத காலைதான் உங்களுக்கு ஸ்டூடியோ நேரம்.

வாங்க வேண்டியது: பெரிங்கர் யூஎம்2 இன்டர்ஃபேஸ், எக்ஸ்எம்8500 மைக், வளைகிற கையுள்ள ஸ்டாண்ட், மைக்கை மாட்ட ஒரு நல்ல எக்ஸ்எல்ஆர் கேபிள், காதை மூடுகிற ஹெட்போன். வெளிநாட்டு விலையில் யூஎம்2 50 டொலர் அளவில், அந்த மைக் 25 டொலர் அளவில். இங்கே வரியெல்லாம் ஏறித்தான் வரும், இருந்தாலும் உங்கள் காசுக்குள் அடங்கும். மைக்கைக்கூட உடனே வாங்க வேண்டாம். உங்கள் டவுனில் என்னை மாதிரி சவுண்ட் போடுகிறவர் ஒருவர் இருப்பார், அவரிடம் டைனமிக் மைக் நாலைந்து சும்மா கிடக்கும். வார நாளில் கேட்டால் தருவார். அந்தக் காசை ஹெட்போனில் போடுங்கள்.

பேராதனைப்பக்கம்:
மைக்கைத் தலைகீழாகச் சரிப்பது எனக்குப் புதிது. நல்ல யோசனை அண்ணே.

பண்டாரவளை வாணி:
குரலுக்கு ஹட்டன் அண்ணன் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். கிட்டாருக்கு மாட்டேன். டைனமிக் மைக்கிலிருந்து வரும் சிக்னல் சின்னது. விரலால் மெதுவாக மீட்டுகிற வாசிப்பை அதில் எடுக்க இன்டர்ஃபேஸின் கெயினை, சிக்னலைப் பெருக்குகிற திருகை, முழுக்கத் திருப்ப வேண்டி வரும். மலிவு இன்டர்ஃபேஸில் அப்படித் திருப்பினால் பின்னணியில் ஸ்ஸ்ஸ் என்று இரைச்சல். கம்பியில் விரல் உரசும் அந்த மெல்லிய சத்தமும் டைனமிக்கில் மங்கிவிடும். நான் கிட்டாருக்கு ஏடி2020 தான். எங்கள் வீட்டுக்கும் தகரம்தான், ஆனால் உள்ளே பலகை சீலிங் அடித்திருக்கிறோம்.

சவுண்ட்செட் ஹட்டன்:
விரல் வாசிப்பு என்றால் அக்கா சொல்வதுதான் சரி, அதில் வாதம் இல்லை. கொட்டகலைத் தங்கச்சி எப்படி வாசிப்பார் என்பதைப் பொறுத்தது.

கொட்டகலைக்காரி:
பெரும்பாலும் பிக் வைத்து ஸ்ட்ரம் பண்ணுவதுதான். ஒன்றிரண்டு பாட்டுகளில்தான் விரல் வாசிப்பு.

சவுண்ட்செட் ஹட்டன்:
அப்படியென்றால் டைனமிக் போதும். கிட்டாரின் ஓட்டைக்கு நேரே வைக்காதீர்கள், அங்கிருந்து பூம் பூம் என்று 100 ஹேர்ட்ஸ் பக்கம் ஒரு வீக்கம் வரும். கழுத்து உடம்போடு சேருகிற இடத்தை, 12ஆவது ஃப்ரெட் பக்கத்தை, பார்த்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். கிட்டாரை ஒரு தடமாகவும் குரலை இன்னொரு தடமாகவும் தனித்தனியே எடுங்கள். யூஎம்2 வில் மைக் இன்புட் ஒன்றுதான், மற்றது பிக்கப் உள்ள கிட்டாருக்கு. முதலில் கிட்டார், அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு குரல்.

தலவாக்கலை தம்பி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தனித்தனியாக எடுத்தால் உயிர் போய்விடாதா? நான் ஒரே மைக்கில் இரண்டையும் சேர்த்துத்தான் எடுக்கிறேன். பாடும்போது கிட்டார் தானாக மெதுவாகும், வேகமாகும். அதைத் தாளம் தட்டுகிற ஒரு க்ளிக்குக்குக் கட்டிப்போட்டால் எனக்குப் பாடவே வருவதில்லை.

பண்டாரவளை வாணி:
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. க்ளிக் கட்டாயம் இல்லை. கிட்டார் எடுக்கும்போது மனதுக்குள் பாடிக்கொண்டே வாசித்தால் அந்த ஏற்ற இறக்கம் தானாக வந்துவிடும், அதன்மேல் குரலை வைக்கலாம். ஒரே மைக்கில் இரண்டும் எடுப்பதும் அழகுதான். ஆனால் மைக்கை ஒன்றரை அடி தள்ளி நெஞ்சுயரத்தில் வைக்க வேண்டும். அந்தத் தூரத்தில் அறை எப்படிப்பட்டது என்பது அப்படியே பதிவாகும். நல்ல அறை உள்ளவர்களுக்கு அது சரிவரும்.

மஸ்கெலியா மழை:
அறை என்றதும் ஞாபகம் வந்தது. முட்டை அட்டை ஒட்டினால் எக்கோ போகும் என்று பெட்டிக்கடை முழுக்கச் சொல்லி அட்டை சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒட்டலாமா?

சவுண்ட்செட் ஹட்டன்:
கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் தம்பி. அந்த மெல்லிய அட்டை உச்ச சுருதியில் கொஞ்சம் எதையோ செய்யும், குரல் இருக்கிற இடத்தில் ஒன்றும் செய்யாது. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதையும் அது தடுக்காது. தடுக்க வேண்டுமென்றால் பாரம் வேண்டும், சுவர் கட்ட வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது எக்கோவைக் குறைப்பது மட்டும்தான். அதற்கு மெத்தையும் கம்பளியும் போதும்.

எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் பலர் மாற்றிச் செய்கிறார்கள். மைக்குக்குப் பின்னால் கட்டுகிறார்கள். மைக்கின் முகம் பாடுகிறவரைப் பார்க்கிறது, அதனால் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில் பட்டு வருவதுதான் மைக்கில் நேராக விழும். மெத்தையை அங்கே நிமிர்த்தி வையுங்கள். கம்பளி என்றால் இரட்டையாக மடித்து, சுவரோடு ஒட்டாமல் அரை அடி இடைவெளி விட்டுக் கொடியில் போடுங்கள். அந்த இடைவெளி இருந்தால் அதே கம்பளி இன்னும் கீழே உள்ள சுருதியையும் பிடிக்கும்.

லிந்துலை மாஸ்டர்:
எனக்கு வேறு தொல்லை. என்ன எடுத்தாலும் கூடவே ஒரு ம்ம்ம் என்ற சத்தம். மைக்கை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், போகவில்லை. இன்டர்ஃபேஸ் கெட்டுப்போய்விட்டதா?

சவுண்ட்செட் ஹட்டன்:
மாஸ்டர், லெப்டொப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பெட்டரியில் எடுத்துப் பாருங்கள்.

லிந்துலை மாஸ்டர்:
போய்விட்டது!

சவுண்ட்செட் ஹட்டன்:
அது 50 ஹேர்ட்ஸ், நம்முடைய கரண்ட் அலைவது அந்த வேகத்தில்தான். பழைய வீடுகளில் எர்த் ஒழுங்காக இருக்காது, சார்ஜர் வழியாக ஹம் ஏறிவிடும். எடுக்கிற நேரம் பெட்டரி, எடுத்து முடித்ததும் சார்ஜர். எர்த்தை மட்டும் ஒரு வயர்மேனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தத்துக்காக இல்லை, உயிருக்காக. சிலர் ஹம் போகட்டும் என்று பிளக்கின் எர்த் கம்பியை வெட்டிவிடுகிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

இன்னொன்று, ஏப்ரல், ஒக்டோபர் மாதப் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும், வைஃபை ரௌட்டரின் வயரையும் சேர்த்து.

தலவாக்கலை தம்பி:
லெப்டொப் இல்லாத எங்களுக்கு? அன்ட்ரொயிட் போன் மட்டும்தான்.

பேராதனைப்பக்கம்:
யூஎம்2 மாதிரி இன்டர்ஃபேஸை, போனில் யூஎஸ்பி சாமான் மாட்டுகிற ஓடிஜி கேபிள் வழியாகப் பல அன்ட்ரொயிட் போன்களில் மாட்டலாம். போன் போதிய கரண்ட் தராவிட்டால், தனியாகக் கரண்ட் ஏற்றுகிற யூஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். செயலிக்கு பேன்ட்லேப் இருக்கிறது, இலவசம், பல தடங்களில் எடுக்கலாம். ஒன்றுமே வாங்க முடியாவிட்டால் போனையே மைக்காக வையுங்கள். ஃப்ளைட் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் நல்ல டேக் போய்க்கொண்டிருக்கும்போதுதான் மாமா கோல் எடுப்பார்.

கொட்டகலைக்காரி:
சொஃப்ட்வெயருக்கு என்ன செய்வது? ஹெட்போனில் என் குரல் தாமதித்துக் கேட்கும் என்றும் படித்தேன்.

பேராதனைப்பக்கம்:
ரீப்பர். 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், பிறகு தனிப்பட்ட ஆட்களுக்கான லைசன்ஸ் 60 டொலர். 8 ஜிபி ரெம் அதற்குத் தாராளம். காசு கொடுக்க வழியில்லை என்றால் ஓடாசிட்டி முழுக்க இலவசம்.

தாமதத்துக்கு இன்டர்ஃபேஸிலேயே டைரக்ட் மொனிட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் குரல் கம்பியூட்டருக்குள் போய் வராமல் நேரே காதுக்கு வரும். அப்போது ரீப்பரில் அந்தத் தடத்தின் மொனிட்டரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு குரல் கேட்கும். விண்டோஸில் யூஎம்2 வுக்கு ஏஸியோ4ஓல் என்ற இலவச டிரைவரைப் பலரும் பாவிக்கிறார்கள். பஃபரை, அதாவது கம்பியூட்டர் ஒரு தடவைக்கு எடுக்கிற சத்தத் துண்டின் அளவை, 256 இல் வைத்தால் 48 கிலோஹேர்ட்ஸில் அது 5 மில்லிசெக்கன்ட் சொச்சம்தான்.

லெவலைச் சிவப்பு வரை ஏற்றாதீர்கள். பாட்டில் எங்கே அதிகம் குரல் எடுப்பீர்களோ அந்த வரியைப் பாடிப் பார்த்து, அது மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கிற மாதிரி கெயினை வையுங்கள். எடுத்த பிறகு குரல் தடத்தில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். தோட்டத்து லொறி ஏறுகிற சத்தத்தில் பாதி அங்கேதான் கிடக்கும்.

பண்டாரவளை வாணி:
பூஞ்சணம் பற்றி யாரும் பேசவில்லையே. மலைநாட்டில் மைக் சாவது விழுந்து இல்லை, ஈரத்தில். கண்டென்சர் ஈரம் பிடித்தால் முதலில் பட் பட் என்று வெடிக்கும். டைனமிக் தாங்கும், அதற்காக ஜன்னலோரம் வைக்காதீர்கள். இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு அதில் மைக்கை வையுங்கள். நிறம் மாறுகிற ஜெல் வாங்கினால் எப்போது ஈரம் குடித்து முடித்தது என்று பார்த்தாலே தெரியும். மெதுவான சூட்டில் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். கிட்டாரையும் வெறும் சுவரில் மாட்டி வைக்காமல் பெட்டிக்குள் வையுங்கள். ஈரம் குடித்து மேல் பலகை உப்பினால் கம்பி உயர்ந்துவிடும், பிறகு பிடிக்கப் பிடிக்க விரல் நோகும்.

கொட்டகலைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. யூஎம்2, கேபிள், ஸ்டாண்ட், ஹெட்போன் வாங்கிவிட்டேன். மைக் வாங்கவில்லை, ஹட்டன் அண்ணன் சொன்ன மாதிரி டவுனில் சவுண்ட் போடுகிற மாமாவிடம் எஸ்எம்58 ஒன்று கேட்டு வாங்கினேன். "கோயில் திருவிழாவுக்கு முன்னே வந்துவிட வேண்டும்" என்றார், அவ்வளவுதான். மைக்கை நெற்றிக்கு மேலே சரித்து, பின்னால் மெத்தையை நிமிர்த்தி எடுத்தேன். ஒரு பாட்டின் லிங்கைக் கீழே போடுகிறேன், குறை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

சவுண்ட்செட் ஹட்டன்:
கேட்டேன் தங்கச்சி. குரல் சுத்தம். தூறல் இருந்திருக்கிறது போல, வரிகளுக்கு நடுவே மெல்லக் கேட்கிறது, பாட்டுக்கு ஒன்றும் கெடுதல் இல்லை. "ப" வருகிற இடங்களில் மட்டும் காற்று அடிக்கிறது. மைக்கை வாய்க்கு நேரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளுங்கள், போய்விடும்.

பண்டாரவளை வாணி:
இரண்டாவது சரணத்தில் கிட்டாரின் ஆறாவது கம்பி இறங்கியிருக்கிறது, கேட்டுப் பாருங்கள். குளிர்ந்த காம்பராவில் உடம்புச் சூடு பட்டுக் கம்பி இளகும். எடுப்பதற்கு முன்னே கால் மணி நேரம் வாசித்துவிட்டுத் திரும்பச் சுருதி சேருங்கள். கம்பியும் பழசு என்று நினைக்கிறேன், சத்தத்தில் மினுக்கம் இல்லை.

கொட்டகலைக்காரி:
வாணி அக்காவுக்குக் காது சும்மா இல்லை. கம்பி துருப்பிடித்துத்தான் இருக்கிறது.

பசறைத் தப்பு:
இழை முடிகிற நேரத்தில் ஒரு கேள்வி. இதே சாமானை வைத்துத் தப்பு மேளம் எடுக்கலாமா? காமன் கூத்துக்கு எங்கள் ஆட்கள் அடிப்பதை நல்லபடி எடுத்து வைக்க ஆசை. போனில் எடுத்தால் எல்லாம் பிய்ந்துபோகிறது.

சவுண்ட்செட் ஹட்டன்:
எடுக்கலாம் தம்பி, டைனமிக் மைக்குக்கு அது நல்ல வேலை. போன் பிய்வதற்குக் காரணம் அடியின் முதல் உச்சம் கண்ணிமைக்கிற நேரத்தில் வந்து போவது. மீட்டரில் பாதிதான் தெரியும், அதற்குள் உள்ளே முட்டியிருக்கும். அதனால் குரலுக்கு வைப்பதைவிடக் கெயினை நன்றாகக் குறையுங்கள். உச்சம் மைனஸ் 18 பக்கம் நின்றாலும் பரவாயில்லை. மைக்கை ஆறேழு அடி தள்ளி, காம்பராவுக்குள் இல்லாமல் வெளியே திறந்த இடத்தில் வையுங்கள். காற்றடித்தால் மைக் தலைக்குப் பஞ்சு உறை கட்டாயம். தோலை நெருப்பில் காய்ச்சிச் சத்தம் ஏறிய உடனேயே எடுத்துவிடுங்கள், பனி இறங்கினால் தோல் தொய்ந்து வேறு வாத்தியமாகிவிடும்.

பசறைத் தப்பு:
காய்ச்சுகிற வேலை எங்களுக்குத் தெரியும் அண்ணே, கெயின்தான் தெரியாமல் இருந்தது. மைக் உங்களிடம் வாடகைக்குக் கிடைக்குமா?

சவுண்ட்செட் ஹட்டன்:
மாசி மாதம் முழுக்க எனக்கு வேலை. அதற்கு முன்னே வந்தால் வாடகையே வேண்டாம், பெட்டரியில் ஓடுகிற லெப்டொப் ஒன்றை மட்டும் கொண்டுவாருங்கள்.